வெள்ளை டப்பா, சிவந்த முகம், ஏறிய கண் அழுத்தம்: கரப்பான் உள்ள 7 வயதுச் சிறுவன்

ஒரே குழந்தையின் கோப்பிலிருந்து எடுத்த விவரம் அல்ல இது. மலேசியாவின் பேராக்கில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் கரப்பானுக்கு (எக்ஸிமா என்னும் தோல் அழற்சிக்கு) மருந்து பூசிவரும் பிள்ளைகளிடம் காணக்கூடிய சிக்கல்களைச் சேர்த்து, ஒரு சிறுவனின் நிகழ்வாக அமைத்திருக்கிறோம். மருந்துகளும் அளவுகளும் நடைமுறையில் உள்ளவை. யாரையும் அடையாளம் காட்டக்கூடிய விவரம் எதுவும் இதில் இல்லை.

வந்த காரணம்

தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கும் பையன். எடை 21 கிலோ, உயரம் 114 செ.மீ. அப்பா செம்பனையில் குலை வெட்டுகிறார், அம்மாவுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. பகலில் பாட்டிதான் பார்த்துக்கொள்கிறார். நான்கு மாதக் குழந்தையாக இருந்தபோதே கன்னத்தில் தொடங்கிய கரப்பான், பிறகு முழங்கை, முழங்கால் மடிப்புகளுக்கு இறங்கியது. மூன்று வயதிலிருந்து ஆஸ்துமாவும் உண்டு. தினமும் பியூடெசொனைட் (அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு) உறிஞ்சி, தேவைப்பட்டால் மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால்.

கிளினிக்குக்கு வந்தது முகத்துக்காக. வாயைச் சுற்றியும் மூக்கோரத்திலும் கடுகு கடுகாகப் பொரிந்து, எரிகிறது என்று அழுகிறான். கண்ணைப் பற்றி யாரும் புகார் சொல்லவில்லை. “வெளிச்சத்துல கண்ணச் சுருக்குறான், ரொம்ப சிமிட்டுறான்னு டீச்சர் சொன்னாங்க” என்பது, எழுந்து புறப்படும்போது அம்மா போகிறபோக்கில் சொன்னது. முழு நிகழ்வும் அந்த ஒரு வாக்கியத்தில்தான் திரும்பியது.

என்னென்ன பூசப்பட்டது

“என்ன மருந்து போடுறீங்க?” என்று கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் “கிளினிக்ல குடுத்த கிரீம்” என்பதுதான். அதை நம்பி எழுதிக்கொண்டால் நிகழ்வு அங்கேயே தவறிவிடும். வீட்டில் உள்ள எல்லா டியூப், டப்பா, எண்ணெய், கண் சொட்டு மருந்துகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். மறுநாள் பாட்டி கொண்டுவந்த பையில் ஐந்து பொருள்கள் இருந்தன.

முதலாவது, அரசு கிளினிக் கொடுத்த ஹைட்ரோகார்ட்டிசோன் 1% கிரீம். மென்மையான வகை ஸ்டீராய்டு. பாதிக்கு மேல் மீதமிருந்தது. இரண்டாவது, நீர்த்த பீட்டாமெத்தசோன் ஸ்டீராய்டு கிரீம், நான்கில் ஒன்று என்று லேபிள். இதுவும் அரசு கிளினிக்கில் கிடைத்ததே. நான்கில் ஒன்றாக நீர்த்தால் வீரியமும் நான்கில் ஒன்றாகிவிடும் என்று பெற்றோர் மட்டுமல்ல, சில மருத்துவ ஊழியர்களும் நினைப்பதுண்டு. அப்படிக் குறைவதில்லை. தோலின் மேல் வேலைசெய்யும் ஸ்டீராய்டின் வீரியம் நீர்க்கும் அளவுக்கு நேர்விகிதமாக இறங்குவது கிடையாது. நீர்த்த மருந்து என்பதற்காக முகத்தில் மாதக்கணக்கில் பூசலாம் என்று பொருளல்ல.

மூன்றாவதுதான் வெள்ளை டப்பா. பத்து கிராம் பிடிக்கும் பிளாஸ்டிக் டப்பா, திருகு மூடி, உள்ளே மணமில்லாத வெள்ளைக் கிரீம். மூடியின் மேல் மார்க்கர் பேனாவால் “சாப்பு” என்ற மலாய்ச் சொல்லும் 2 என்ற எண்ணும். பூசு, இரண்டு வேளை, அவ்வளவுதான். மருந்தின் பெயர், வீரியம், காலாவதித் தேதி, பதிவு எண் எதுவுமில்லை. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒரு கடையில் வாங்கியது. “இதப் போட்டா ராத்திரியே அடங்கிடும் டாக்டர். விட்டா மூணாம் நாளு மறுபடி ஏறிடும்” என்றார் பாட்டி.

பாட்டி சொன்ன அந்த இரண்டு வாக்கியங்களே ஆய்வுக்கூடப் பரிசோதனைக்குச் சமம். ஒரே இரவில் அடங்குவதும், நிறுத்திய மூன்றாம் நாள் முன்னிலும் அதிகமாகக் கிளம்புவதும் வீரியமிக்க ஸ்டீராய்டின் கையெழுத்து. மூலிகைக் களிம்பு அப்படி நடந்துகொள்ளாது. டப்பாவை மருந்தகப் பிரிவிடம் ஒப்படைத்தார்கள். உள்ளே இருந்தது எந்த ஸ்டீராய்டு என்ற பதிலுக்குக் காத்திராமல், மிக வீரியமான குளோபெட்டாசோல் தரத்தில் ஒன்று என்று வைத்துக்கொண்டு சிகிச்சை தொடங்கப்பட்டது. அதுவே பாதுகாப்பான ஊகம்.

நான்காவது, கண் சொட்டு மருந்து. உறவினர் ஒருவருக்கு எழுதிக்கொடுத்ததில் மீந்தது. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு 0.1% உடன் ஆன்ட்டிபயாட்டிக் கலந்தது. கண் அரிக்கும்போதெல்லாம் ஒரு சொட்டு என்று ஐந்து மாதமாக விட்டுவிட்டுப் போட்டிருக்கிறார்கள். ஐந்தாவது, தேங்காய் எண்ணெயில் காய்ச்சிய வேப்பிலை. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வெடித்த தோலில் எரியும், அவ்வளவே.

ஒரு கணக்கு

அம்மாவின் நினைவுப்படி ஒரு டப்பா ஏறக்குறைய 12 நாள் வரும். பூசிவந்த 14 மாதத்துக்கு 35 டப்பா, அதாவது 350 கிராம். கேட்டதும் பயமாக இருக்கும். ஆனால் வாரத்துக்குப் பிரித்தால் 6 கிராம்கூட இல்லை. குளோபெட்டாசோலுக்குப் பெரியவர்களிடம் சொல்லப்படும் உச்சவரம்பு வாரம் 50 கிராம், அதுவும் தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் கூடாது. 12 வயதுக்குக் கீழே அதைப் பரிந்துரைப்பதில்லை. இந்தப் பையன் அந்த 50 கிராமின் பக்கத்திலேயே வரவில்லை. பிறகு எப்படி இவ்வளவு சேதம்?

இடமும் காலமும்தான். 1967-இல் வெளிவந்த அளவீடு ஒன்று இன்றும் இதற்குப் பயன்படுகிறது. முன்கையின் உட்புறத்தோல் உறிஞ்சும் ஹைட்ரோகார்ட்டிசோனை 1 என்று வைத்தால் நெற்றி 6, தாடைக்கோணம் 13, விதைப்பை 42. உள்ளங்காலோ 0.14. அதே ஒரு கிராம், பூசும் இடத்தைப் பொறுத்து வேறு மருந்தாகிவிடுகிறது. இமைத்தோல் உடம்பிலேயே மிக மெல்லியது, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அதில் பூசியது தோலோடு நிற்காது. இமையின் ஓரம் வழியாகக் கண்ணீர்ப்படலத்துக்கும், ஊடுருவிக் கண்ணுக்கும் போகும்.

இமையில் யாரும் பூசவில்லையே என்றார் அம்மா. வழக்கம்போலப் பூசிக் காட்டச் சொன்னபோது விடை கிடைத்தது. பாட்டி ஆட்காட்டி விரலால் தோண்டி எடுத்து, இரண்டு கன்னத்திலும் தாடையிலும் தேய்த்தார். விரலில் ஒட்டியிருந்த மிச்சத்தை, வீணாக்குவானேன் என்று, கட்டைவிரலால் இரண்டு புருவத்தின் மேலும் இமையின் மேலும் இழுத்துவிட்டார். திருநீறு பூசும் அதே கை அசைவு. 14 மாதம், நாளுக்கு இரண்டு வேளை, கண் இமைக்குப் போய்ச் சேர்ந்தது அந்த மிச்சம். அதோடு பையன் தூக்கத்தில் கிரீம் படிந்த கையால் கண்ணைத் தேய்ப்பான். வாய்க்கேள்வியில் இதெல்லாம் வராது. பூசிக் காட்டச் சொல்வதற்கு மூன்று நிமிடம் போதும்.

தோலில் கண்டவை

நம் பிள்ளைகளின் தோலில் “சிவப்பு” என்று புத்தகம் சொல்வது ஊதா கலந்த பழுப்பாகவோ, சாம்பல் பூத்தாற்போலவோதான் தெரியும். சிவப்பைத் தேடினால் பாதி நோய் கண்ணில் படாது. கையால் தடவிப் பார்த்தால் சூடும் சொரசொரப்பும் தெரியும்.

வாயைச் சுற்றி, மூக்குச் சிறகோரம், கீழிமைக்குக் கீழே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவில் நெருக்கமான பருக்கள். உதட்டை ஒட்டி ஒரு மெல்லிய வளையம் மட்டும் சுத்தமாக விடுபட்டிருந்தது. அந்த விடுபட்ட வளையம்தான் அடையாளம். ஸ்டீராய்டால் வரும் வாய்ச்சுற்று அழற்சி இது, கரப்பான் இல்லை. கரப்பானென்றால் உதட்டோரம்வரை வறண்டு வெடித்திருக்கும், அரிப்பு முந்தும். இங்கே முந்தியது எரிச்சல். இரண்டையும் ஒன்றென்று எண்ணி இன்னும் கிரீம் பூசுவதுதான் இந்தச் சுழலின் அச்சு. பூசினால் அடங்கும், நிறுத்தினால் ஏறும், ஏறியதைக் கண்டு மறுபடி பூசுவார்கள்.

கன்னத்தில் நூல்போன்ற இரத்தக்குழாய்கள். இமைத்தோல் வெங்காயச் சருகு மாதிரி மினுமினுத்து, கிள்ளினால் நுண்சுருக்கம் விழுந்தது. புருவத்துக்கு மேல் வெளிறிய திட்டு. நெற்றியோரத்தில் மெல்லிய ரோமம் கூடியிருந்தது. ஸ்டீராய்டு தோலின் கொலாஜன் உற்பத்தியைக் குறைக்கிறது. தாங்கல் இழந்த குழாய்கள் விரிந்து மேலே தெரிகின்றன. மெலிவு தொடக்கநிலையில் பெரும்பாலும் மீளும், வெளிறலும் மாதக்கணக்கில் திரும்பும். குழாய்கள் முழுதாக மறையாமல் போகலாம். விரிகோடு (ஸ்ட்ரெச் மார்க்) விழுந்துவிட்டால் அது நிரந்தரம். இவனுக்கு விரிகோடு இல்லை.

முழங்கை, முழங்கால் மடிப்புகளில் மட்டும் உண்மையான கரப்பான், தடித்து, சொறிந்த கீறலோடு. வேடிக்கை என்னவென்றால் அங்கே மருந்து போதவில்லை. டப்பா கிரீம் விலை அதிகம் என்பதால் பெரும்பாலும் முகத்துக்கே வைத்திருந்தார்கள். கிளினிக் கொடுத்த பீட்டாமெத்தசோனைக் “காரமான மருந்து” என்று பயந்து ஒதுக்கியிருந்தார்கள். வேண்டிய இடத்தில் மருந்தில்லை, வேண்டாத இடத்தில் அளவுமீறி இருந்தது.

உள்தொடையில் வளையம் மங்கிய ஒரு படை. விளிம்பைச் சுரண்டிப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தபோது பூஞ்சை இழைகள். டப்பா கிரீம் அங்கேயும் போயிருக்கிறது. ஸ்டீராய்டு படர்தாமரையின் அரிப்பையும் விளிம்பையும் அடக்கி, பூஞ்சையைப் பரவ விடும். வழக்கமான வட்டம் தெரியாததால் பார்ப்பவர் ஏமாறுவார்.

வளர்ச்சிக் குறிப்பையும் எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. பாலர் பள்ளிப் பதிவோடு ஒப்பிட்டால் ஓராண்டில் 2 செ.மீ. மட்டும் உயர்ந்திருந்தான். இந்த வயதில் 5 முதல் 6 செ.மீ. எதிர்பார்ப்போம். எடை கூடி, கன்னம் உப்பியிருந்தது. “நல்லா கொழுகொழுன்னு ஆயிட்டான்” என்று வீட்டில் மகிழ்ச்சி. காலை 8 மணிக்கு எடுத்த இரத்தத்தில் கார்ட்டிசால் (உடம்பே சுரக்கும் ஸ்டீராய்டு) குறைவு. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்ததால் அதைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தூங்கிவிட்டது. தோல், கண் சொட்டு, உறிஞ்சி ஆகிய மூன்று வழியாகவும் வருவதைக் கூட்டிப் பார்க்காமல் ஒவ்வொன்றும் “கொஞ்சம்தானே” என்று தோன்றுவது இங்கே வழக்கமான பிழை.

கண்ணில் கண்டவை

தோல் நோயாளியின் கண் அழுத்தத்தைச் சிறிய கிளினிக்கில் அளக்க வசதி இராது. ஈப்போ நகரக் கண் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். காரணத்தைத் தெளிவாக எழுதாவிட்டால் “கண் அரிப்பு” என்று வரிசையின் கடைசிக்குப் போய்விடும். இவனுக்கான கடிதத்தில் எழுதியது: இமையில் 14 மாதம் வீரியமிக்க ஸ்டீராய்டு, 5 மாதம் டெக்சாமெத்தசோன் சொட்டு, வெளிச்சக் கூச்சம், கண் அழுத்தம் அளக்கவும். அந்த வாரமே பார்த்தார்கள்.

பார்வை இரு கண்ணிலும் 6/9, இயல்பான 6/6-ஐவிடச் சற்றுக் குறைவு. மரத்துப்போகும் சொட்டு தேவைப்படாத, இமைப்பொழுதில் தொட்டு மீளும் அளவியால் எடுத்த அழுத்தம் வலது 28, இடது 30 மில்லிமீட்டர் பாதரசம். இயல்பு 10 முதல் 21. பிள்ளை அழுதாலோ, கண்ணை இறுக்கினாலோ, இமையை விரலால் அழுத்திப் பிடித்தாலோ எண் பொய்யாக ஏறும். அதனால் அமைதியானதும் மறுபடி எடுத்தார்கள். அதே எண்தான். கருவிழியின் (கார்னியாவின்) தடிப்பு இயல்பானது. தடித்த கருவிழியும் அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும் என்பதால் அதையும் பார்த்தாக வேண்டும். பார்வை நரம்பு வட்டில் குழிவு (வட்டின் விட்டத்தில் அதன் பங்கு, அழுத்தத்தால் கூடும்) வலது 0.4, இடது 0.5. படம் எடுத்து வைத்தார்கள்.

கண்ணில் உள்நீர் வடியும் சல்லடைத்திசு ஒன்று உண்டு. ஸ்டீராய்டு அங்கே புரதப்படிவைக் கூட்டி வடிகாலை அடைக்கிறது. நீர் ஊறுவது குறையாமல், போகும் வழி மட்டும் குறுகுவதால் அழுத்தம் ஏறுகிறது. எல்லாருக்கும் ஒரே அளவில் ஏறாது. கண் சொட்டு ஸ்டீராய்டைச் சில வாரம் போட்டால் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மிதமாகவும், நூற்றில் ஐந்தாறு பேருக்கு மிக அதிகமாகவும் ஏறும் என்பது 1960-களிலிருந்தே தெரிந்தது. குழந்தைகளிடம் அது இன்னும் வேகமாக நடக்கும். வலிக்காது, கண் சிவக்காது. பக்கவாட்டுப் பார்வை தேய்ந்தாலும் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது.

கண்புரை இருக்கிறதா என்று கண்பாப்பாவை விரித்துப் பார்த்தார்கள். கண்வில்லை (லென்ஸ்) தெளிவு. இதில் ஒரு நுட்பம் உண்டு. ஸ்டீராய்டால் வரும் புரை வில்லையின் பின்புற உறையை ஒட்டி வரும். கடும் கரப்பானே காரணமாக வரும் புரை பெரும்பாலும் முன்புறத்தில், கேடயம் போல இருக்கும். எல்லாப் பழியையும் மருந்தின் மேல் போட முடியாது என்பதற்கு அது சாட்சி. கண்ணைத் தொடர்ந்து கசக்குவதால் கருவிழி கூம்பாவதும் கரப்பானின் கணக்கில் வருவதே. இவனுக்கு மேலிமையைத் திருப்பிப் பார்த்தபோது உட்புறம் கூழாங்கல் பரப்பியதுபோல் முடிச்சுகள். கண்ணிலும் ஒவ்வாமை உண்டு. பாட்டி சொட்டு மருந்தைத் தேடியது சும்மா இல்லை. அரிப்பு மெய், கையில் கிடைத்த மருந்துதான் தவறு.

என்ன செய்யப்பட்டது

முதல் நாளே டப்பாவும் டெக்சாமெத்தசோன் சொட்டும் நிறுத்தம். நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை அன்றே, பாட்டியையும் உட்காரவைத்து, மிஸ்ஸி (தாதி) நிதானமாகச் சொன்னார்: “பாட்டிம்மா, மூணாம் நாள்லருந்து பத்து நாள் வரைக்கும் மொகம் இப்ப இருக்கறதவிட மோசமா ஆகும். எரியும், வீங்கும். மருந்து வேல செய்யலன்னு நெனைக்காதீங்க, டப்பாவ மட்டும் திரும்ப எடுக்காதீங்க.” இந்தப் பேச்சைத் தவிர்த்துவிட்டு மருந்து மட்டும் கொடுத்தனுப்பினால், ஐந்தாம் நாள் அதே பாசார் மாலாமுக்குப் போவார்கள். ஐந்தாம் நாள் உண்மையிலேயே முகம் வீங்கித்தான் இருந்தது. போன் செய்தார்கள், கடைக்குப் போகவில்லை.

முகத்துக்கு மெட்ரோனிடசோல் 0.75% ஜெல், பருக்கள் உள்ள இடத்தில் மட்டும் இரண்டு வேளை. கெட்டிக் களிம்புகளை முகத்தில் அப்புவது இந்த வகை அழற்சியை நீட்டிக்கும் என்பதால் மெல்லிய, மணமில்லாத லோஷன் போதும். எரித்ரோமைசின் வாய்வழியே கொடுப்பது வழக்கந்தான். 8 வயதுக்குக் கீழே டெட்ராசைக்ளின் வகை பல்லின் நிறத்தைக் கெடுக்கும் என்பதால் அதுவே மிச்சமிருக்கும் தேர்வு. ஆனால் எரித்ரோமைசின் கல்லீரலில் பியூடெசொனைட் உடையும் பாதையைத் தடுக்கும். அட்ரினல் ஏற்கெனவே தூங்கும் பிள்ளைக்கு உறிஞ்சியிலிருந்து வரும் ஸ்டீராய்டையும் இரத்தத்தில் ஏற்றிவிட வேண்டாம் என்று அதைக் கையிருப்பில் வைத்தார்கள். தேவைப்படவில்லை.

இமைக்கு இரண்டாம் வாரத்திலிருந்து ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் 0.03% களிம்பு. 2 முதல் 15 வயதுக்கான வீரியம் இது. தோலை மெலிய வைக்காது, கண் அழுத்தத்தை ஏற்றாது. சிக்கல் முதல் வாரத்து எரிச்சல். குளித்த ஈரம் முழுதாகக் காய்ந்தபின் பூச வேண்டும், டியூபைக் குளிர்பெட்டியில் வைக்கலாம், அரிசிமணி அளவு இரண்டு இமைக்கும் போதும். பெட்டிக்குள் இருக்கும் தாளில் புற்றுநோய் எச்சரிக்கை ஒன்று இருக்கும். 2006-இல் அமெரிக்க மருந்துத் துறை சேர்க்கச் சொன்னது. அம்மா அதைப் படித்துவிட்டு மருந்தை நிறுத்தும் முன் நாமே சொல்லிவிடுவது நல்லது: சிறு இடத்தில், இடைவெளி விட்டுப் பூசுவதில் அந்த ஆபத்து உறுதிப்படவில்லை. வெயிலில் தொப்பி போடட்டும். தோலில் ஒரே அளவாகக் குடைந்தாற்போன்ற புண்கள், காய்ச்சல், இமையோரக் கொப்புளம் வந்தால் டாக்ரோலிமஸை நிறுத்தி அன்றே வர வேண்டும். ஹெர்ப்பிஸ் வைரஸ் கரப்பான்மேல் பரவினால் கருவிழிக்கும் போகும்.

மடிப்புகளுக்கு மொமெட்டசோன் 0.1%, நாளுக்கு ஒரு வேளை, 10 நாள். தணிந்து அடங்கியபின் வாரத்தில் இரண்டு நாள் மட்டும். இங்கேதான் அம்மா குழம்பினார்: ஸ்டீராய்டுதானே இத்தனையும் செய்தது, மறுபடியும் அதையா? ஆமாம், அதையேதான். தடித்த முழங்கைத் தோலுக்கு அளந்து, நாள் குறித்துப் போட்டால் அது மருந்து. அடங்காத கரப்பானை அப்படியே விட்டால் பையன் இரவெல்லாம் சொறிவான், அந்தக் கையாலேயே கண்ணைக் கசக்குவான்.

அளப்பது எப்படி? 5 மி.மீ. வாயுள்ள டியூபிலிருந்து, பெரியவரின் ஆட்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை பிதுக்கினால் அது ஒரு விரல்நுனி அளவு, ஏறக்குறைய அரை கிராம். பெரியவரின் இரண்டு உள்ளங்கை (விரல்களும் சேர்த்து) அகலத்துக்கு அது போதும். 6 முதல் 10 வயதில் ஒரு கை முழுவதற்கும் இரண்டரை, ஒரு கால் முழுவதற்கும் நாலரை. மடிப்பு மட்டுமென்றால் அரை அளவே போதும். டப்பாவுக்கு இந்தக் கணக்கு செல்லாது, அதற்கு வாய் இல்லையே. விரலை விட்டுத் தோண்டும்போது கிருமியும் உள்ளே போகும். கிளினிக் தரும் பெரிய ஈரப்பதக் கிரீம் டப்பாவுக்கும் இதே விதி, சுத்தமான கரண்டியால் எடுக்க வேண்டும்.

ஈரப்பதக் கிரீம் வாரத்துக்கு 250 கிராமாவது போக வேண்டும். மாதம் ஒரு சிறு டப்பா என்றால் அது பூசியதாகக் கணக்கில்லை. எங்கும் எளிதாகக் கிடைக்கும் அக்குவஸ் கிரீமில் சோடியம் லாரில் சல்ஃபேட் சேர்ந்திருந்தால் பூசியபடியே விடும்போது சில பிள்ளைகளுக்கு எரியும். அதைச் சோப்புக்குப் பதிலாகத் தேய்த்துக் கழுவப் பயன்படுத்தலாம். பாரஃபின் களிம்பு ஊறிய துணி எளிதில் தீப்பிடிக்கும். கற்பூரத் தட்டு, சாம்பிராணி, கொசுவத்திச் சுருளின் பக்கத்தில் அந்தச் சட்டையோடு பிள்ளையை விடக்கூடாது என்று பாட்டியிடம் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது.

உள்தொடைப் படைக்குக் குளோட்ரிமசோல், மறைந்தபின்னும் இரண்டு வாரம்.

கண் அழுத்தத்துக்கு எந்தச் சொட்டு என்பதில்தான் கவனம் வேண்டும். கைவசம் முதலில் வருவது டிமோலோல். இவனுக்கு ஆஸ்துமா. டிமோலோல் கண்ணிலிருந்து மூக்குக் குழாய் வழியாக இரத்தத்துக்குப் போய் மூச்சுக்குழாயைச் சுருக்கும், கரப்பான் பிள்ளைகளில் பலருக்கு ஆஸ்துமா உண்டென்பதால் இதைக் கேட்காமல் எழுதக்கூடாது. பிரிமோனிடின் 2 வயதுக்குக் கீழே கூடவே கூடாது, 20 கிலோவை ஒட்டிய பிள்ளைகளையும் ஆழ்ந்த மயக்கத் தூக்கத்தில் தள்ளும். எனவே டோர்சோலமைட் 2%, நாளுக்கு மூன்று வேளை. சல்ஃபா ஒவ்வாமை இல்லையென்று கேட்டுக்கொண்டார்கள். சொட்டு விட்டதும் கண்ணின் உள்மூலையை இரண்டு நிமிடம் விரலால் அழுத்திப் பிடித்தால் மருந்து மூக்குக்குள் இறங்குவது குறையும். அரிப்புக்கு ஓலோபட்டடின் 0.1%, இரண்டு வேளை, குளிர்ந்த துணி ஒத்தடம். ஸ்டீராய்டு சொட்டு இனி கண் மருத்துவர் எழுதினால் மட்டும், அதுவும் அழுத்தம் அளந்துகொண்டே.

அட்ரினல் சரியாகச் சுரக்கவில்லை என்று எழுதிய ஓர் அட்டை. காய்ச்சல், வாந்தி, அறுவைச் சிகிச்சை, விபத்து என்றால் எந்த மருத்துவமனையிலும் அதைக் காட்ட வேண்டும். உடம்புப் பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் நாளொன்றுக்கு 30 முதல் 50 மி.கி. ஹைட்ரோகார்ட்டிசோன் பிரித்துக் கொடுக்க வேண்டியிருக்கும். பியூடெசொனைட் உறிஞ்சியை இந்தக் களேபரத்தில் வீட்டாரே நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்வது தனி வேலை. ஆஸ்துமா முட்டினால் வாய்வழி ஸ்டீராய்டுதான் கொடுக்க நேரும், அது இதைவிடக் கனம்.

டப்பாவைப் பற்றி

பதிவுபெற்ற மருந்தின் உறையில் மால் (MAL) என்று தொடங்கி எட்டு இலக்கம், கடைசியில் ஓர் எழுத்து இருக்கும். ஏ என்றால் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து, எக்ஸ் என்றால் சீட்டில்லாமல் வாங்கலாம், டி (T) என்றால் பாரம்பரிய மருந்து. கூடவே ஹோலோகிராம் ஒட்டு. எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனமான என்.பி.ஆர்.ஏ.வின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். பக்கவிளைவு வந்தால் பொதுமக்களே அங்கே முறையிடவும் முடியும். உறையே இல்லாத டப்பாவில் இதில் எதையும் பார்க்க வழியில்லை, ஆகவே அதை வாங்கக் கூடாது என்பதைத் தவிர வேறு ஆலோசனை கிடையாது. “நேச்சுரல்”, “ஸ்டீராய்டு இல்லை” என்று கடைக்காரர் சொல்வது அத்தாட்சி ஆகாது. பாரம்பரியத் தயாரிப்புகளிலும் டெக்சாமெத்தசோன் கலந்து பிடிபட்டதுண்டு.

பின்தொடர்ந்தபோது

ஒரு வாரத்தில் கண் அழுத்தம் 22-உம் 24-உம். நான்காம் வாரம் 17, 18. டோர்சோலமைட்டை நிறுத்தினார்கள். எட்டாம் வாரம் சொட்டில்லாமலே 16, 17. ஸ்டீராய்டு நின்றால் பெரும்பாலும் சில வாரத்தில் இறங்கும், மாதக்கணக்கில் ஏறியே இருந்தால் இறங்காமலும் போகலாம். பையனின் கிளினிக் புத்தகத்தின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியாயிற்று: ஸ்டீராய்டுக்குக் கண் அழுத்தம் ஏறும் பிள்ளை. இருபது வயதில் யாராவது கண்ணில் ஸ்டீராய்டு போட நினைத்தாலும் அந்த வரி வேண்டும்.

வாய்ச்சுற்றுப் பருக்கள் ஆறாம் வாரத்தில் தணிந்தன. இமைச்சுருக்கம் மூன்றாம் மாதத்தில் குறைந்தது. கன்னத்து நூல்குழாய்கள் அப்படியே இருக்கின்றன. காலைக் கார்ட்டிசால் நான்காம் மாதத்தில் இயல்புக்கு வந்தது, அட்ரினலை ஊக்கிப் பார்க்கும் பரிசோதனை செய்து உறுதிப்படுத்திய பிறகே அட்டையைத் திரும்ப வாங்கினார்கள். ஆறு மாதத்தில் 3 செ.மீ. உயர்ந்திருக்கிறான்.

முழங்கைக் கரப்பான் வாரம் இரண்டு நாள் மருந்தில் அடங்கியிருக்கிறது. அது போதாமல் போனால் அடுத்த படியாக டூபிலுமாப் ஊசி பேசப்படும். 6 முதல் 11 வயதினருக்கு 2020-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த மருந்து. அதற்கும் கண்ணில் ஒரு பக்கவிளைவு உண்டு, வெண்படலமும் இமையோரமும் சிவந்து உறுத்துவது. பிள்ளைகளிடம் பெரியவர்களைவிடக் குறைவு. இவனுக்கு ஏற்கெனவே கண் ஒவ்வாமை இருப்பதால் ஊசிக்கு முன்பே கண் மருத்துவர் பார்த்தாக வேண்டும். அப்படிச் சிவந்தால் உடனே எழுதப்படுவது பெரும்பாலும் ஸ்டீராய்டு சொட்டு. சிவப்பு மையில் எழுதிய வரியை அன்று யாராவது படிக்க வேண்டும்.

இடது கண்ணின் 0.5 குழிவு பிறவியிலேயே அப்படியா, அழுத்தத்தால் வந்ததா என்று முந்தைய படம் இல்லாமல் சொல்ல முடியாது. இனி ஆறு மாதத்துக்கு ஒரு படம், முதலில் எடுத்ததோடு ஒப்பிட. பார்வைப் புலப் பரிசோதனை, இன்னும் ஓரிரு ஆண்டில், பொத்தானை அழுத்தும் பொறுமை வந்தபிறகு.